ஒரு எழுத்து வித்தியாசம்

அத்தியாயம் 11

வாலு போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்ததையும், திரும்பி வந்தவளிடம் அம்மா "யாருடி?" என்று கேட்டதற்கு "ஃபிரெண்டு" என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்ததையும் போன வாரம் பார்த்தோம். ஃபிரெண்டிடம் பேசுகிறவள் வாக்கியத்துக்கு வாக்கியம் எழுந்து எழுந்து உட்கார மாட்டாள். அம்மாவுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஆனாலும் துருவவில்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளையைக் கிளறக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

வாயைக் கட்டலாம். காதை என்ன செய்வது?

வாலு என்பது கைக்கு அடங்காத வயதில் அப்பா வைத்த செல்லப் பெயர். வைத்தவர் வீட்டைவிட்டுப் போய் ஐந்து வருஷமாகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம். எடுத்திருக்கும் பாடங்களில் உயிரை வாங்குவது மேல்நிலை பிரெஞ்சு. நாளைக்கு வாய்மொழிப் பரீட்சை. அதற்கு மறுநாள் எழுத்துப் பரீட்சை. ஆகவே டியூஷன் மிஸ்ஸுக்கு இன்றைக்குக் கடைசி வகுப்பு.

மிஸ் பல வருஷம் ஒரு விமானக் கம்பெனியின் கவுண்ட்டரில் நின்று பிரெஞ்சுப் பயணிகளுக்குப் பதில் சொன்னவர். அந்த கவுண்ட்டர் முகம் இன்னும் கழலவில்லை. பெட்டியைத் தொலைத்துவிட்டுக் கத்துகிறவனிடமும் புன்னகை மாறாமல் "மன்னிக்கவும்" சொல்லும் முகம். வருவார், உட்காருவார், டீ வேண்டாம் என்பார், பாடத்தை ஆரம்பிப்பார்.

வீட்டில் இருப்பது ஒரு ஹாலும், கட்டில் போட்டபின் ஆள் திரும்ப இடமில்லாத ஒரு படுக்கையறையும். வகுப்பு ஹாலில். அம்மாவின் இஸ்திரி மேஜையும் ஹாலில். முதல் நாளே அம்மா "நான் வேணா உள்ள போயிடட்டுமா மிஸ்?" என்று கேட்டாள். "பரவாயில்ல, நீங்க பாட்டுக்கு இருங்க. உங்களால தொந்தரவு ஒண்ணுமில்ல" என்றார் மிஸ். புரியாதவளால் என்ன தொந்தரவு என்று பொருள்.

அம்மாவும் அவள் பாட்டுக்கு இருந்தாள். இரண்டு வருஷம்.

அம்மா ஒரு கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிறவள். வட்டமாக வரும் லென்ஸை மெஷினில் வைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமுக்குள் கச்சிதமாக உட்கார வைக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் ஆடும், குறைவாகத் தேய்த்தால் ஃபிரேம் விரியும். கண்ணும் கையும் அதிலேயே இருக்கும். வாய் சும்மா. அந்தச் சும்மா இருந்த வாய்தான் முதலில் மாட்டிக்கொண்டது. ஹாலில் கேட்ட வினைச்சொற்கள் மெஷின் சத்தத்தோடு சேர்ந்து தானாக உருள ஆரம்பித்தன. நான் போகிறேன், நீ போகிறாய், அவள் போகிறாள். அடுத்த மாதமே நான் போனேன், நீ போனாய்.

இதில் அவளை முதலில் பிடித்து இழுத்தது ஒரு சிரிப்புதான். அம்மாவுக்கு அந்த பாஷையில் 'மேர்', அப்பாவுக்கு 'பேர்' என்று மிஸ் சொன்ன அன்றைக்கு, இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் அப்பா வெறும் பேருக்குத்தானே!

அப்படிப் பிடித்தது விடவில்லை. பல்லுப்போன சீப்பு மாதிரி இடையிடையே வார்த்தை விழும்தான். ஆனாலும் தலையை வாரிவிடலாம். மகளிடம் இதைச் சொல்லவில்லை. வெட்கம் பாதி. மீதி, வேறு எதுவும் தனக்கென்று இல்லாதவள் ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஆசை.

அன்றைக்கு மிஸ் நாற்காலியைத் திருப்பி, பரிசோதகர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு நடக்கற மாதிரியே நடத்தப் போறேன். நடுவுல தமிழ் வரக் கூடாது. தடுமாறினா சமாளிச்சுக்கோ. என் கண்ணைப் பாத்துப் பேசு."

வாலு தலையாட்டினாள். அம்மா மகளின் பள்ளிச் சட்டையை எடுத்து மேஜையில் விரித்தாள்.

பிரெஞ்சில் பேசும்போது வாலு வேறு ஆளாகிவிடுவாள். வீட்டில் "ஏன்", "வேணாம்", "தெரியாது" என்று மூன்று வார்த்தையில் நாளை ஓட்டுகிறவள், அதில் மட்டும் முழு வாக்கியமாக, அழகாக, நிதானமாகப் பேசுவாள். பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டார் மிஸ், சொன்னாள். ஊரின் போக்குவரத்து நெரிசல் பற்றிக் கேட்டார், அதையும் சொன்னாள். அடுத்து, "உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்" என்றார்.

"நான் என் தாயுடன் வசிக்கிறேன்" என்றாள் வாலு பிரெஞ்சில். "அவர் மூக்குக்கண்ணாடி செய்பவர். நாள் முழுவதும் பிறருடைய பார்வையைச் சரிசெய்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்தபின் எதிரில் இருக்கும் என்னை அவர் பார்ப்பதில்லை."

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்ல வாக்கியம். பரிசோதகருக்குப் பிடிக்கும். கடைசி வார்த்தைக்கு முன்னாடி ஒரு சின்ன இடைவெளி விடு" என்றார், அவரும் பிரெஞ்சிலேயே.

கதைகளில் இந்த இடத்தில் சட்டை தீய்ந்துபோகும். இங்கே அப்படி ஒன்றும் ஆகவில்லை. இஸ்திரிப் பெட்டி போய்க்கொண்டே இருந்தது. தேய்த்த காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள், அவ்வளவுதான். மார்க்குக்காகச் சொல்கிறாள் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். மார்க்குக்காக ஊர் நெரிசலைத் திட்டவில்லையா, அதுபோல இதுவும்.

"பள்ளி முடிந்தபின் என்ன திட்டம்?" என்று மிஸ் கேட்டார்.

"மொழிபெயர்ப்புப் படிக்க வேறு நகரத்துக்குச் செல்கிறேன். அந்த நகரத்தில்தான் என் தந்தை இருக்கிறார். அவருடன் வசிப்பேன்."

மிஸ் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இப்ப நீ சொன்னது 'வசிப்பேன்' இல்ல. 'வசித்தால் நன்றாக இருக்கும்' மாதிரி விழுந்துது. எழுத்துல கடைசியா ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். வாயை ரொம்பத் திறந்துட்டா ஆசை, கொஞ்சம் மூடினா எதிர்காலம். எதைச் சொல்ல வர்றே?" இந்த விளக்கத்துக்காக அவர் விதியை மீறித் தமிழுக்கு வந்துவிட்டார். வாலுவுக்குச் சட்டென்று முகம் மாறியது. கண் இஸ்திரி மேஜைப் பக்கம் ஓடித் திரும்பியது. மிஸ்ஸும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அம்மா சட்டையைத் திருப்பிப் போட்டு, பொத்தான்களுக்கு நடுவே இஸ்திரிப் பெட்டியின் முனையை ஓட்டினாள். இலக்கணத்தைப் பற்றி என்னவோ பேசுகிறார்கள் என்கிற முகம் அவளுக்கு.

வாலு நிம்மதியாக மூச்சு விட்டுப் பிரெஞ்சுக்குத் திரும்பினாள். "எதிர்காலம்" என்றாள். "ஆசை இல்லை. முடிவாகிவிட்டது. என் தாயிடம் இன்னும் சொல்லவில்லை." பிறகு வாயை அளவாக மூடி, சரியாகச் சொன்னாள்: அப்பாவுடன் வசிப்பேன்.

"அருமை" என்றார் மிஸ்.

வகுப்பு முடிந்து மிஸ் படியிறங்கியதும், "குப்பையைக் கொட்டிட்டு வந்துடறேன்" என்று வாளியை எடுத்துக்கொண்டு அம்மாவும் இறங்கினாள். பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், பூட்டியிருந்த சைக்கிள் கடை வாசலில் மிஸ்ஸைப் பிடித்துவிட்டாள். வாளி இன்னும் கையில் இருந்தது.

"மிஸ், எப்பத்திலிருந்து உங்களுக்குத் தெரியும்?"

"எதும்மா?"

"வாயை மூடினா எதிர்காலம்னு சொன்னீங்களே, அது."

மிஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அது தமிழ்ல சொன்னது. நீங்க ஏதோ தப்பா..."

அந்த விளக்கத்துக்கு அப்புறம் வாலு சொன்னதை அம்மா பிரெஞ்சிலேயே திருப்பிச் சொன்னாள். ஆசை இல்லை, முடிவாகிவிட்டது, தாயிடம் சொல்லவில்லை. உச்சரிப்பு கரடுமுரடாகத்தான் வந்தது. ஆனால் ஒரு சொல் விடுபடவில்லை.

கவுண்ட்டர் முகம் முதல் முறையாகக் கழன்றது.

"உங்களுக்குப் புரியுமா?"

"இறந்தகாலம் முடிஞ்சப்பவே புரிய ஆரம்பிச்சுடுச்சு மிஸ்."

மிஸ் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் என்னை வந்து பார்த்தார். ரெண்டு மாசம் இருக்கும். அந்தக் காலேஜுக்கு இவ பிரெஞ்சு போதுமான்னு கேட்டார். அங்க ஹாஸ்டல் கிடையாது, அதனால தன் வீட்டுலயே ஒரு ரூம் ஒதுக்கியிருக்கேன்னு சொன்னார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலை."

"நான் குடும்பத்துக்குள்ள வர்றதில்ல. பிள்ளைங்க என்ன சொல்றாங்கங்கறது என் வேலை இல்லம்மா. எப்படிச் சொல்றாங்கங்கறதுதான்."

"என் வீட்டுல உக்காந்து, என் எதிர்லயே என் பொண்ணை என்னை விட்டுப் போகச் சொல்லிக் கொடுத்தீங்க. அதுவும் பிழை இல்லாம."

பஸ் வந்தது. மிஸ் ஏறவில்லை.

"உங்க கோபம் நியாயம்தான்" என்றார், பஸ் போனபிறகு. "ஆனா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இப்ப மேல போய் அவகிட்ட கேட்டுடாதீங்க. அவ தைரியமா இருக்கற மாதிரி தெரியும், உள்ளுக்குள்ள நூல்ல நிக்கறா. நீங்க ஒரு வார்த்தை கேட்டா நாளைக்கு வாயே திறக்க மாட்டா. இத்தனை உழைப்பும் வீணாப் போயிடும்."

அம்மா காலி வாளியோடு திரும்பி நடந்தாள். குப்பையைக் கொட்டின நினைவுகூட அவளுக்கு இல்லை. மிஸ் கெஞ்சுவதாக நினைத்துக்கொண்டு ஒரு கத்தியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது மூன்றாவது மாடி ஏறும்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தை போதும். "அப்பாகூட போறியாமே?" என்று ஒரு வார்த்தை. நாளைக்கு அவள் தடுமாறுவாள், மார்க் போகும், காலேஜ் போகும், மகள் இங்கேயே இருப்பாள்.

நினைத்துப் பார்க்க எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மேலே வாலு ஒரு தாளோடு காத்திருந்தாள்.

"அம்மா, ஒரு ஹெல்ப் பண்றியா? பிரெஞ்சுக் கேள்வியெல்லாம் தமிழ் எழுத்துல எழுதி வச்சிருக்கேன். நீ சும்மா வாசிச்சா போதும். நான் பதில் சொல்லிப் பாத்துக்கறேன்."

"எனக்கெங்கடி அதெல்லாம் வரும்?"

"தப்பா வாசிச்சாலும் பரவால்லம்மா. ப்ளீஸ்."

அம்மா உட்கார்ந்தாள். வாசித்தாள். நன்றாக வரும் இடத்திலெல்லாம் வேண்டுமென்றே தடுக்கி விழுந்தாள். மூக்கால் சொல்ல வேண்டியதைத் தொண்டையால் சொன்னாள். வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா, அது கேள்வி மாதிரியே இல்ல, கொட்டாவி மாதிரி இருக்கு!" சிரித்துச் சிரித்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். மகள் இப்படிச் சாய்ந்து எத்தனை மாதமாகிறது! அந்தக் கனத்தை அம்மா அசையாமல் வாங்கிக்கொண்டாள். அசைந்தால் எழுந்துவிடுவாளோ என்று பயம்.

அடுத்த கேள்வி தாளில் காத்திருந்தது. பள்ளி முடிந்தபின் என்ன திட்டம்?

தாண்டிவிடலாமா என்று பார்த்தாள். வாலு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா வாசித்தாள்.

வாலு அம்மாவின் கண்ணைப் பார்த்துப் பிரெஞ்சில் பதில் சொன்னாள். பரிசோதகரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று மிஸ் பழக்கியிருந்தாரே! காலேஜைச் சொன்னாள், நகரத்தைச் சொன்னாள், அப்பாவைச் சொன்னாள். பிறகு மிஸ் சொல்லித் தராத ஒன்றையும் சேர்த்தாள்: "என் தாயிடம் சொல்லப்போகும் நாளை நினைத்தால் பயமாக இருக்கிறது. அவர் அழமாட்டார். அதுதான் பயம்."

அம்மா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, அடுத்தது வாசி."

"எழுத்து மங்கலா இருக்கு. இரு, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்."

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். ஒன்று அவள் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது. வாலு அந்த இடத்தில் மறுபடி வாயைத் திறந்துவிட்டாள். அப்பாவுடன் வசிப்பேன் என்று வரவில்லை. வசித்தால் நன்றாக இருக்கும் என்றுதான் வந்தது. நாளைக்கும் அப்படியே சொல்லுவாள். பரிசோதகர் குறித்துக்கொள்வார். அம்மா குழாயை மூடினாள். அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. காதுக்கு அந்தப் பிழை எவ்வளவு இதமாக இருந்தது!

தட்டுகளைக் கழுவினாள். துடைத்து அடுக்கினாள். பிறகு ஹாலைப் பார்க்காமலேயே குரல் கொடுத்தாள்.

"சாயங்காலம் மிஸ் ஒரு எடத்துல நிறுத்தினாங்களே. வாயைத் திறக்காதேன்னு என்னமோ சொன்னாங்க. அதைப் பாத்துக்கிட்டியா?"

ஹாலில் வாலு மெதுவாக இரண்டு தரம் சொல்லிப் பார்ப்பது கேட்டது. இரண்டாவது தரம் சரியாக வந்தது.

"ஆமால்ல... மறந்தே போச்சு. நீ இதையெல்லாம் கவனிக்கிறியாம்மா?"

"காதுக்கு மூடியா போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

மறுநாள் பரீட்சை வேறொரு பள்ளிக்கூடத்தில். அம்மா அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். பெற்றோரை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பரிசோதகர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவாராம். வாலு உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். அந்தக் கையாட்டல் தனக்கு மட்டுமில்லை என்பது அம்மாவுக்குக் கொஞ்ச நேரத்தில் விளங்கியது.

எதிர்ச்சாரியில் பழக்கடை நிழலில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

வாலுவின் அப்பா ஒரு லிஃப்ட் கம்பெனியில் பழுது பார்ப்பவர். ஆளை ஏற்றிவிட்டு நடுவில் நிறுத்துவது அவருக்குக் கைவந்த கலை என்று அம்மா ஒரு காலத்தில் தனக்குள் சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் தொந்தி வைத்திருந்தது. தலைக்கு மை அடித்திருந்தார். சாலையைக் கடந்து அவரே வந்தார்.

"நல்லா இருக்கியா?"

"ரூம் ரெடியாயிடுச்சா?" என்று கேட்டாள் அம்மா.

அவர் மூச்சை விட்டார். "அப்ப சொல்லிட்டாளா? நல்லதாப் போச்சு. உன்கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு வழி பூரா யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

"எதை ஆரம்பிக்கறதுக்கு?"

அவர் கேட்டைப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "இல்ல... வீட்டுல சூழ்நிலை கொஞ்சம் மாறிப்போச்சு. அவளோட அம்மாவுக்கு உடம்பு முடியலை. எங்ககூட வந்து இருக்கப்போறாங்க. அந்த ரூமைத்தான் அவங்களுக்குக் கொடுத்தாகணும்."

'அவள்' என்றால் இப்போதைய மனைவி.

"போன வாரம்கூட போன்ல பேசுனீங்களே. அப்ப இந்த அம்மாவுக்கு உடம்பு நல்லா இருந்துதா?"

"அப்பவே பேச்சு ஓடிக்கிட்டுத்தான் இருந்துது. வாலு பரீட்சைன்னு சொன்னா. எப்படிச் சொல்றது?"

"இப்ப மட்டும் பரீட்சை முடிஞ்சுடுச்சா? நாளைக்கு எழுத்துப் பரீட்சை இருக்கு."

"அதனாலதான் உன்னைப் பாக்க வந்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கம்பிக்கு வெளியே நின்று பேசும் குரல் அது. "நான் வேணாம்னு சொன்னா அவ உடைஞ்சு போயிடுவா. நீ விட மாட்டேன்னு சொன்னதா இருக்கட்டுமே. கத்துவா, ரெண்டு நாள் சாப்பிட மாட்டா. அவ்வளவுதானே? உன் மேல கோபம் அவளுக்குப் புதுசா என்ன?"

அம்மா அவரையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் மரியாதை மட்டும்தான் அவளை விட்டுப் போகவில்லை, அதுவும் நாக்கின் பழக்கத்தால். இந்த நிமிஷம் அதுவும் போய்விடும் போலிருந்தது.

நேற்று ராத்திரி முழுக்க இவர் கதவு மூடிக்கொள்ள வேண்டும் என்றுதானே அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்? மூடிக்கொண்டுவிட்டது. மகள் தன்னிடமே தங்கிவிடுவாள். சந்தோஷப்பட வேண்டியவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பிள்ளை பிழையில்லாமல் சொல்லப் பழகிய வாக்கியமடா அது என்று நடுத்தெருவில் கத்த வேண்டும் போலிருந்தது.

"உங்க பொண்ணு. நீங்களே சொல்லிக்குங்க" என்றாள்.

"சொல்றேன். ஆனா நாளைக்கு அவ எழுத மாட்டா. பரவாயில்லையா உனக்கு?"

அது மட்டும் உண்மை. வாலுவைப் பெற்றவளுக்கு அது தெரியும். கோபம் வந்தால் அவள் வெறி பிடித்தாற்போல் படிப்பாள். எதிராளிக்குக் காட்டுவதற்காகவே முதல் மார்க் வாங்குவாள். அழுகை வந்தால் சுருண்டு படுத்துவிடுவாள். அப்பா வீட்டைவிட்டுப் போன வருஷம் அப்படித்தான் ஒரு மாதம் பள்ளிக்கூடமே போகவில்லை.

கேட் திறந்தது. வாலு முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

"சூப்பரா பண்ணிட்டேன்! அந்தக் கேள்வியும் வந்துது..." அப்பாவையும் அம்மாவையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் கால் தானாக நின்றது. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேசிட்டீங்களா?"

அப்பா தொண்டையைச் செருமினார். மகளின் தலையைத் தடவினார். "அம்மாகிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் வாலு" என்றார். "அம்மா உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்."

அவ்வளவு லாகவமாக அவர் ஒதுங்கிக்கொண்டார். வாலு அம்மாவின் பக்கம் திரும்பினாள். வார்த்தை வருவதற்கு முன்னாலேயே அந்த முகம் இறுகத் தயாராகிவிட்டது.

நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள் தாண்ட வேண்டும்.

"நான்தான் விட மாட்டேன்னு சொன்னேன்" என்றாள் அம்மா. "நீ எங்கயும் போக வேணாம்."

"ஏன்?"

"ஏன்னா ஏன்? சொன்னா சொன்னதுதான்."

"தெரியும்" என்றாள் வாலு. குரல் உயரவில்லை. "நீ இப்படித்தான் பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்."

கத்துவாள் என்றுதான் அம்மா எதிர்பார்த்தாள். வாலு கத்தவில்லை. கேட்டருகே மற்றப் பெற்றோர் நின்றிருந்தார்கள், கூடப் படிப்பவர்கள் நின்றிருந்தார்கள். அவள் நிமிர்ந்து நின்று, அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்து, நிதானமாகப் பிரெஞ்சில் சொன்னாள்:

"அப்பா போன அன்று இரவெல்லாம் அழுதேன். எனக்காக அல்ல, உனக்காக. இப்போது புரிகிறது, அது வீண். நீ அதற்குத் தகுதியானவள் அல்ல."

காலங்கள் சரியாக இருந்தன. உச்சரிப்பு சரியாக இருந்தது. கடைசி வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளிகூட விட்டாள்.

வாலு வீட்டில் பிரெஞ்சில் எதையாவது சொன்னால் அம்மா உடனே, "என்னடி உளர்றே, தமிழ்ல சொல்லு" என்பது வழக்கம். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தன் ரகசியத்தைக் காப்பாற்ற அவள் பழகி வைத்திருந்த வார்த்தை அது. இன்றைக்கு அது வரவில்லை. வாயைத் திறந்தாள். மூடினாள். தோளில் தொங்கிய பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள்.

அப்பா சூழ்நிலையை லேசாக்க நினைத்துச் சிரித்தார். "என்ன, அம்மாவைத் திட்டறியா? திட்டு திட்டு. அவளுக்கென்ன புரியவா போகுது?"

வாலு அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்திலேயே அவள் கண் நிலைத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கண்ணிலிருந்து கோபம் வடிந்து, வேறு ஏதோ ஏறியது. ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அம்மா" என்றாள். "நேத்து நான் சொன்னதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதா?"

"பஸ் வந்துடும். நட" என்றாள் அம்மா.

"அப்ப நேத்தே தெரியும் உனக்கு. தெரிஞ்சும் வாயை மூடிச் சொல்லுன்னு எனக்குத் திருத்திக் கொடுத்தே." வாலுவின் குரல் இப்போதுதான் உடைந்தது. "போக விட மாட்டேங்கறவ எதுக்கும்மா அதைத் திருத்தணும்?"

பதில் சொல்ல வேண்டியவர் கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பழக்கடைப் பக்கம் ஒரு அடி நகர்ந்தார்.

வாலு அதைப் பார்த்துவிட்டாள்.